குளத்துக் காட்டின் வரைபடம்

வழி கேட்டு வருகிறவர்களுக்கு நான் வாயால் சொல்வேன், கையை நீட்டிக் காட்டுவேன், அவசியமென்றால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை கூடவே போய் விட்டுவிட்டும் வருவேன். ஒரு தாளை எடுத்துக் கோடு கிழித்து மட்டும் தர மாட்டேன். இப்போதெல்லாம் கைப்பேசியே எல்லாருக்கும் வழி சொல்லிவிடுவதால் என் பிடிவாதத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. போன மாதம் என் மகள் பள்ளியிலிருந்து வந்து, பக்கத்தில் இருக்கிற ஒரு காட்டுக்கு வரைபடம் வரைந்து வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று பென்சிலை நீட்டினாள். அப்பாவிடம் கேள் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஒரு கோடு போடக்கூடத் தெரியாதா உனக்கு என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். தெரியும். நன்றாகவே தெரியும். வினையே அதில்தான் வந்தது.

நான் மூன்றாம் வகுப்பு படித்தது திண்டுக்கல்லுக்கு வடக்கே, வடமதுரைப் பக்கத்து ஊர் ஒன்றில். தக்காளியும் கத்தரியும் போடுவார்கள்; மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வானத்தைப் பார்ப்பது. தெற்கே நிமிர்ந்து பார்த்தால் தூரத்தில் சிறுமலை நீலமாகத் தெரியும். அதற்கும் எங்களுக்கும் நடுவில் வெயிலைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த வருடம் எங்களுக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். திண்டுக்கல் டவுனிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். சின்ன வயது. பாடத்தைப் புத்தகத்திலிருந்து வாசித்துக் காட்டாமல் எங்களிடமே கேட்டு நடத்துகிற வழக்கம் அவருக்கு. எங்கள் பள்ளிக்கூடத்தில் அது எங்களுக்குத் தெரிந்து அதுவரை யாரும் செய்யாத காரியம்.

காடு பற்றிய பாடம் வந்தது. "உங்கள்ல யாரெல்லாம் காட்டுக்குப் போயிருக்கீங்க?" என்று டீச்சர் கேட்க, வகுப்பு மொத்தமும் கையைத் தூக்கியது. "எங்கப்பா தெனமும் போறாரு டீச்சர், தக்காளிக்கு மருந்தடிக்க" என்றான் ஒருவன். டீச்சர் சிரித்துவிட்டார். அது தோட்டம் துரவு, நான் கேட்பது மரங்கள் தானாக வளர்ந்து நிற்கிற இடம் என்று விளக்கினார். அப்படிப் பார்த்தால் யாருமே போனதில்லை என்று ஆயிற்று. எங்களைச் சிறுமலைக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று அவருக்கு ரொம்ப ஆசை. தலைமை ஆசிரியர், வேனுக்குக் காசு யார் கொடுப்பது, அனுமதி யார் வாங்குவது, ஒரு பிள்ளை காணாமல் போனால் யார் பதில் சொல்வது என்று மூன்று கேள்வி கேட்டு அந்த ஆசையை முடித்து வைத்தார்.

டீச்சர் சளைக்கவில்லை. மறுநாள் வந்து, "ஏன் சிறுமலைக்குப் போகணும்? உங்க ஊர்க் குளத்துலயே ஒரு காடு இருக்கே. பஸ்ஸுல வரும்போது தெனமும் பாக்குறேன். அதையே பாத்து வரைபடம் போடுவோம்" என்றார்.

பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெண் பிள்ளைகள் சிலேட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டோம்.

"ஏன், பாம்பு கீம்பு இருக்கா?"

"ஆமா டீச்சர்" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். பாம்பு இருந்ததும் உண்மைதான்.

விஷயம் இதுதான். எங்கள் ஊரில் அப்போது எந்த வீட்டிலும் கழிப்பறை கிடையாது. பள்ளிக்கூடத்தில் இருந்த ஒன்று அதிகாரிகள் வருகிற நாளில் மட்டும் திறக்கப்படும். மற்றபடி ஊர் மொத்தத்துக்கும் குளத்துக் காடுதான். பெயர்தான் குளம், தண்ணீர் நிற்காது. உள்ளே முழுக்கச் சீமைக்கருவை மண்டி, வெளியிலிருந்து பார்த்தால் ஆள் நுழைய முடியாத முள்ளாகத் தெரியும். உள்ளே போய் வருகிறவர்களுக்குத்தான் அதற்குள் வழியும் வளைவும் மறைவும் இருப்பது தெரியும். கிழக்குப் பக்கம் பெண்களுக்கு, மேற்குப் பக்கம் ஆண்களுக்கு. யார், எப்போது பிரித்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அதற்காகப் பஞ்சாயத்துக் கூடியதில்லை, பலகை எழுதி வைத்ததில்லை. வாய்க்கால் தண்ணீருக்காக அரிவாள் தூக்கிய ஊர் அது. ஆனால் குளத்தின் கிழக்குப் பக்கம் குடிகாரன்கூடத் தப்பித் தவறிப் போனதில்லை.

விடிவதற்கு முன்பும், சாயந்திரம் கடைசி பஸ் போன பிறகும் பெண்களின் நேரம். மடைக்குப் பக்கத்தில் ஒருத்தி காவலாக நின்றுகொள்வாள். பெரும்பாலும் எங்கள் பக்கத்து வீட்டு அத்தைதான் நிற்பாள். கரையில் ஆள் நடமாட்டம் தெரிந்தால் அவள் ஒரு கனைப்புக் கனைப்பாள். தொண்டையில் தொடங்கி மூக்கில் முடிகிற கனைப்பு. உள்ளே இருக்கிறவர்களுக்கு அது எச்சரிக்கை. வருகிறவன் ஆணாக இருந்தால் அவனுக்கும் எச்சரிக்கை; கேட்ட இடத்திலேயே திரும்பிவிடுவான். எத்தனையோ பெண்களின் மானம் அந்தக் கனைப்பில் இருந்தது. நானும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, அக்காவுக்குப் பின்னால், தினமும் அந்த வழியில் போய் வந்தவள்தான். ஒதுங்கப் போவதைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. மூச்சு விடக் கற்றுக்கொடுக்காதது போல அதையும் கற்றுக்கொடுக்காமல் விட்டிருந்தார்கள்.

டீச்சர் எங்களைக் குளக்கரை மேல் கூட்டிப் போனது உச்சி வெயில் நேரத்தில். அந்த நேரத்தில் அங்கே காக்காய்கூட இருக்காது. உள்ளே இறங்கவும் விடவில்லை, பாம்பு பயத்தால். கரை மேல் நின்றபடி சூரியன் உதிக்கிற பக்கம் முகத்தைத் திருப்பச் சொல்லி, இடது கை வடக்கு, வலது கை தெற்கு என்று நிறுத்தினார். கரையை அடிகளால் அளக்கக் கற்றுக்கொடுத்தார். மரத்துக்கு ஒரு குறி, கல்லுக்கு ஒரு குறி, பாதைக்குப் புள்ளிக்கோடு என்று வைத்துக்கொண்டு, எந்தக் குறி எதைக் காட்டுகிறது என்று தாளின் மூலையில் கட்டம் போட்டு எழுத வேண்டும் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். "கண்ணை மூடிக்கிட்டு ஒரு பறவையா மாறிக்கங்க. மேல இருந்து உங்க ஊரைப் பாருங்க. என்னென்ன தெரியுதோ எல்லாத்தையும் போடுங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு ராத்திரி பாயில் படுத்தபடியே பறவையானேன். மடை தெரிந்தது, சாய்ந்து நிற்கிற ஒற்றைப் பனை தெரிந்தது, துவைக்கிற கல் தெரிந்தது. மற்ற பிள்ளைகள் பறவையாகிப் பார்த்தால் கருவை மரத்தின் தலையைத்தான் பார்ப்பார்கள். நான் இலைக்குக் கீழேயும் பார்த்தேன். நல்ல வரைபடத்தைப் பெரிய சார்ட்டில் வரைய வைத்துப் பள்ளி ஆண்டு விழாவில் மாட்டப் போவதாகவும், வருகிற கல்வி அதிகாரி கையால் பரிசு உண்டு என்றும் டீச்சர் சொல்லியிருந்தார். நான் எதிலும் முதலாவதாக வராவிட்டால் சோறு இறங்காத ஜாதி. என் அம்மாவே சொல்லுவாள், "இவளுக்குக் கண்ணு மூக்கு காது எல்லாமே வாயா வச்சுப் படைச்சுட்டான்" என்று.

இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தேன். பெண்கள் வழிக்குச் சிவப்புப் புள்ளி, ஆண்கள் வழிக்கு நீலப் புள்ளி. மடையருகே காவல் நிற்கிற இடத்தில் ஒரு நட்சத்திரம். பிள்ளைத்தாய்ச்சிகள் தூரம் நடக்க முடியாதென்று அவர்களுக்கென முன்னாலேயே ஒதுக்கி வைத்திருந்த இடத்துக்கு ஒரு வட்டம். முள்ளை விலக்கிக் குனிந்து நுழைய வேண்டிய உள்மறைவுக்கு ஒரு பூ. அது வயதுக்கு வந்த பெண்கள் போகிற இடம். எந்த நேரத்தில் யார் போவார்கள் என்று தெரிய வேண்டாமா? அதற்குப் பிறை நிலா போட்டு, விடியும் முன் என்று மூலைக் கட்டத்தில் எழுதினேன். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

டீச்சர் தாளைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திசை சரி, அளவு சரி, கட்டம் சரி. "இது என்ன, பெண்கள் வழி? வெறகு எடுக்கப் போற பாதையா?" என்று கேட்டார்.

அந்த இடத்தில்தான் நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த வார்த்தையை டீச்சர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? தலையை ஆட்டினேன்.

"இந்த நட்சத்திரம்?"

"காவலுக்கு ஆள் நிப்பாங்க டீச்சர்."

"ஆடு மாடு உள்ள போயிராமலா?"

அதற்கும் தலையை ஆட்டினேன். டீச்சர் என் கன்னத்தைக் கிள்ளினார். இம்புட்டுச் சின்னப் பிள்ளை, காட்டை நம்பி வாழ்கிற பெண்களைப் பற்றி எவ்வளவு யோசித்திருக்கிறது என்று பக்கத்து வகுப்பு சாரிடம் சொல்லிப் பெருமைப்பட்டார். அந்த சார் உள்ளூர்க்காரர். தாளை ஒரு பார்வை பார்த்தார். எதுவோ சொல்ல வாயெடுத்து, பிறகு சாக்பீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஒரு பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை போலும்.

ஆண்டு விழாவுக்கு ஊரே வந்திருந்தது. பந்தல், மைக் செட், பிளாஸ்டிக் நாற்காலி. அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்த அத்தை, அவளைச் சுற்றி எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும். அக்கா பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளும் அவள் சிநேகிதிகளும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். அப்பா ஆண்களோடு பின்னால் நின்றார். கரும்பலகை மேல் என் சார்ட்டை மாட்டி வைத்திருந்தார்கள். ஊரில் பாதிப் பேருக்கு வரைபடம் பார்க்கத் தெரியாது. ஏதோ கோலம் போலப் பார்த்துவிட்டு, யார் போட்டது, இவளா, கெட்டிக்காரிதான் என்று சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்தார்கள். அதுவரை எல்லாம் தப்பித்துக்கொண்டிருந்தது.

அதிகாரி நல்ல மனிதர். மற்ற அதிகாரிகள் மாலையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இவர் ஒவ்வொரு சார்ட்டாக நின்று பார்த்தார். என்னுடையதுக்கு முன்னால் வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். என்னைக் கூப்பிட்டு, கையில் ஒரு குச்சியும் வாய்க்கு நேரே மைக்கும் கொடுத்து விளக்கச் சொன்னார். நான் சிவப்புப் புள்ளியைத் தொட்டு, இது பெண்கள் விறகெடுக்கப் போகிற வழி என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி தொடங்கினேன்.

"நல்லாயிருக்கும்மா. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். வெறகெடுக்க ஏன் விடியிறதுக்கு முன்னாடி போறாங்க? நெலாப் படம் போட்டிருக்கியே?"

நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர், சொல் சொல் என்று சிரித்தபடி கண்ணைக் காட்டினார். அவருக்கும் அதற்குப் பதில் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்த பதிலைச் சொல்லாமல் நிற்பது என்றால் எனக்கு உயிர் போவது மாதிரி. பரிசு வேறு அங்கே மேசை மேல் இருந்தது.

"வெறகெடுக்க இல்ல சார். வெளிக்கிப் போறதுக்கு."

பையன்கள்தான் முதலில் சிரித்தார்கள். நான் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டேன். குச்சியை நகர்த்தி நகர்த்திச் சொல்லிக்கொண்டே போனேன். இங்கே ஒருத்தர் நிற்பார், ஆள் வந்தால் கனைப்பார் என்று சொன்னதோடு விட்டிருக்கலாம். எப்படிக் கனைப்பார்கள் என்று மைக்கில் கனைத்தும் காட்டினேன். தொண்டையில் தொடங்கி மூக்கில் முடிகிற அதே கனைப்பு. ஒலிபெருக்கி அதை ஊரின் நாலா பக்கமும் கொண்டுபோனது. யாருடைய கனைப்பு என்று எல்லாருக்கும் தெரிந்தது. பின்னால் நின்ற ஆண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எல்லாரும் சிரிக்கும்போது தான் மட்டும் சிரிக்காமல் நின்றால் அசிங்கம் என்று நினைத்திருப்பார்.

டீச்சர் என்னை நோக்கி வருவதற்குள் நான் பூ போட்ட இடத்துக்கு வந்துவிட்டேன். "இது உள்ளாற பெரிய பிள்ளைக போற எடம் சார். எங்கக்கா இங்கிட்டுத்தான் போகும்."

சிரிப்பு நின்றது. எல்லோரும் வேப்பமரத்தடியைத் திரும்பிப் பார்த்தார்கள். சிநேகிதிகள் அக்காவை விட்டு ஓரடி விலகி நின்றார்கள், அந்த இடத்துக்குத் தாங்கள் போவதே இல்லை என்பது போல. அக்கா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். பிறகு தாவணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டியே நடந்து வெளியே போனாள். பாயில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள். பாதி விழா நடக்கும்போது முன்வரிசை காலியாயிற்று.

அதிகாரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெரிய மனிதர்களுக்கு அப்படி ஒரு நேரத்தில் கைகொடுப்பது கைத்தட்டல்தான். தட்டினார். சுகாதாரம், விழிப்புணர்வு, வீட்டுக்கு வீடு கழிப்பறை என்று கொஞ்சம் பேசி, எனக்கே முதல் பரிசைக் கொடுத்தார். தோளில் மாட்டிக்கொள்ள வார் வைத்த பச்சை நிறத் தண்ணீர் பாட்டில். அவர் சொன்ன கழிப்பறை வருவதற்கு அப்புறம் எத்தனையோ வருடம் ஆனது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளையாவது தான் மட்டும்தான் கெட்டது.

வீட்டுக்கு வந்தால் அம்மா அந்தப் பட்டுச் சேலையோடு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அடிப்பாள் என்று முதுகைத் தயாராக வைத்துக்கொண்டுதான் போனேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஒன்னய என்னத்தடி சொல்ல" என்றாள். அவ்வளவுதான். பொழுது சாய்ந்ததும் பக்கத்து வீட்டு அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றாள். தெருவே கேட்கிற குரல் அவளுக்கு. அன்றைக்கு அது பாதியாக இறங்கியிருந்தது. "ஏ ஆத்தா, நான் என்ன பாவம் பண்ணேன்? அம்புட்டுப் பேரு மானத்துக்கும் காவலு நின்னேன். டீக்கடையில என்னயப் பாத்ததும் ஒவ்வொருத்தனும் கனைக்கிறான்." அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பாட்டிலின் வாரைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. எதற்கு வெட்கப்பட வேண்டும் என்று மட்டும் சரியாகப் பிடிபடவில்லை. உண்மையைத்தானே சொன்னேன் என்று உள்ளுக்குள் ஒரு குரல் முனகிக்கொண்டே இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் வழக்கம் போலப் போனோம். அத்தை வரவில்லை, வேறொருத்தி மடையருகே நின்றாள். கொஞ்ச நேரத்தில் கனைப்புக் கேட்டது. எல்லாரும் அவசர அவசரமாக எழுந்து வெளியே வந்தால், காவலுக்கு நின்றவள் நான் கனைக்கவே இல்லையே என்றாள். மறுபடி கனைப்பு. அது கரை மேலிருந்து வந்தது. அதற்குப் பின்னால் சிரிப்பு, அதற்குப் பின்னால் டார்ச் லைட். இளவட்டங்கள் யாரோ. எங்கள் ஊரோ, பக்கத்து ஊரோ தெரியாது. ஒளி கிழக்குப் பக்கத்துக் கருவை மேல் மெதுவாக நகர்ந்தது, எந்த இடம் என்று முன்னமே தெரிந்த மாதிரி. என் சார்ட் அப்போதும் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை மேல்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்றைக்குக் காலை டீச்சர் அதைக் கழற்றினார். வீட்டுக்கும் வந்தார். நான்தான் கேட்டிருக்க வேண்டும், பிள்ளை மேல் தப்பில்லை, என் மேல்தான் தப்பு என்று அம்மாவிடம் சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார். அம்மா அவருக்குக் காபி கொடுத்து, "நீங்க டவுன்காரவுக, ஒங்களுக்கு எப்புடித் தெரியும் டீச்சர்" என்றாள். அந்த வருடம் முடிந்ததும் டீச்சர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் போல நடத்துகிற டீச்சர் அதற்குப் பிறகு எங்களுக்கு வாய்க்கவில்லை. அந்தக் கணக்கும் என் பேரில்தான்.

பெண்கள் குளத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சோளக் காட்டைத் தாண்டி ரயில் தண்டவாளத்துப் பக்கம் போகத் தொடங்கினார்கள். நல்ல தூரம். மறைவும் கிடையாது, தண்டவாளத்து மேடும் கொஞ்சம் எருக்கஞ்செடியும்தான். ரயில் வந்தால் வெளிச்சம் படும் முன்னால் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். ரயில் போனபிறகு உட்கார வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு தடவை, விடியலில் மட்டும், கூட்டமாகப் போய் வருவது என்று வைத்துக்கொண்டார்கள். சாயந்திரம் அவ்வளவு தூரம் போகப் பயம். என்னை மட்டும் கூட்டிப் போகவில்லை. "நீ சின்னப் புள்ளதானே, ரோட்டு ஓரத்துலயே இரு" என்று சொல்லிவிட்டாள் அம்மா. எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது. தூக்கம் மிச்சம்.

அக்கா என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு. ராத்திரிச் சோற்றை வேண்டாம் என்று தள்ளிவைத்தாள். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் அவளுக்குப் பிடித்த கருவாடாக இருந்தாலும் தொடுவதில்லை. அப்பா, கல்யாண வயது வருகிறது, உடம்பு குறைக்கிறாள் போல என்று கிண்டல் செய்தார். அம்மா சிரிக்கவில்லை. இரண்டு மூன்று மாசம் போனதும் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. விட்டு விட்டு வந்தது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். திண்டுக்கல்லுக்கு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனபோது நானும் கூடப் போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குக் கிடைக்கும் என்ற ஆசை.

டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, தண்ணியே குடிக்கிறதில்லையா நீ? இப்படி அடக்கி அடக்கி வச்சா நீர்த்தாரையில புண்ணு வராம என்ன செய்யும்? நெறைய தண்ணி குடிக்கணும்" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா சுவரில் மாட்டியிருந்த குழந்தைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் குடிக்கவில்லை என்று டாக்டரம்மா திரும்பக் கேட்டார். அம்மா மருந்துச் சீட்டுக்குக் கை நீட்டினாள். எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிற எனக்கும் அதற்குப் பதில் தெரியவில்லை. டாக்டர் சொன்னதில் எனக்கு விளங்கியது தண்ணீர் என்ற ஒரு சொல்தான்.

பின்னாளில் நானும் பெரியவளாகி, அந்தத் தண்டவாளத்துக்கு நடந்து, ரயில் வெளிச்சத்தில் எழுந்து நின்றிருக்கிறேன். மத்தியானமே தண்ணீர்ச் சொம்பைத் தள்ளி வைக்கப் பழகியிருக்கிறேன். அக்காவிடம் அதைப் பற்றிப் பேசியிருக்கலாம். அவளுக்கு இப்போது பேரன் வந்துவிட்டான், எனக்கு இன்னும் வாய் வரவில்லை. பேச்சுக்குப் பேர்போன வாய்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அந்த வாரம் எனக்கு ஒரு காரியம் கிடைத்த சந்தோஷம். தப்பைச் சரிசெய்ய வழி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் பரிசுப் பாட்டிலைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, பானைத் தண்ணீரை விளிம்பு வரை ரொப்பி, சீரகம் போட்டால் நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் இரண்டு போட்டு, இருட்டுகிற நேரத்தில் அக்காவிடம் கொண்டுபோய் நீட்டுவேன். "குடிக்கா, டாக்டர் சொன்னாங்கல்ல."

முதல் நாள் அவள் வாங்கிக்கொண்டாள். மாசக்கணக்கில் பேசாதவள் என் தலையைத் தடவியும் கொடுத்தாள். நான் குதித்துக்கொண்டு ஓடினேன். கொஞ்சம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது, அவள் கொல்லைப் பக்கம் நின்று பாட்டிலைக் கவிழ்த்து, வாழைக்கன்றுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். ஒரு சொட்டுக்கூட வாயில் படவில்லை. நாக்கு வறண்டு உதடு வெடித்திருந்த பெண், தண்ணீர் மண்ணில் இறங்குவதைப் பார்த்தபடி நின்றாள். என் மேல் அவளுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டு, மறுநாள் இன்னும் இரண்டு சீரகம் கூடப் போட்டேன்.